அடிலெய்டிலிருந்து உலுரு வரை காரில்: பெட்ரோல் எங்கே போடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூலை பள்ளி விடுமுறை நெருங்கினாலே அடிலெய்டு, மெல்பன் தமிழ்க் குடும்பங்களில் யாராவது ஒருவர், ஆஸ்திரேலியாவின் நடுவே நிற்கிற பெரிய பாறை மலையான உலுருவுக்குக் காரில் கிளம்பத் திட்டம் போட ஆரம்பித்துவிடுகிறார். பெரும்பாலும் விமான டிக்கெட் விலையைப் பார்த்ததும் வருகிற யோசனைதான். அப்புறம் கேள்விகள் வரும், போனில், கோயில் வாசலில், பிறந்தநாள் விருந்தில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு. தங்குமிடம், சாப்பாடு பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை, பயமெல்லாம் பெட்ரோல் பற்றித்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதிலையும் சேர்த்திருக்கிறேன். தூரங்கள் கிட்டத்தட்டச் சொன்னவை, ஐந்து பத்து கிலோமீட்டர் கூடக்குறைய இருக்கலாம்.

பாலைவனத்துக்கு நடுவுல போற ரோடுன்னு சொல்றாங்க, வழியில பெட்ரோலே கிடைக்காதா?

கிடைக்கும். நீங்கள் போகப்போவது ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை. நாட்டின் தெற்கையும் வடக்கையும் இணைக்கிற முக்கியமான ரோடு, 1987லேயே கடைசி வரை தார் போட்டு முடித்துவிட்டார்கள். சாதாரண சின்ன கார் தாராளமாகப் போகும், ஃபோர் வீல் டிரைவ் தேவையில்லை. ஊர்கள் குறைவு, அவ்வளவுதான். ஊர் இல்லாத இடங்களில் ரோட்ஹவுஸ் இருக்கும். பெட்ரோல், டீசல், சாப்பாடு, கழிப்பறை, படுக்க ஓர் அறை, சில இடங்களில் ஒரு பாரும், எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

ஆனால் நகரத்தில் ஒரு பங்க்கைத் தவறவிட்டால் அடுத்த சிக்னலில் இன்னொன்று வரும். இங்கே அடுத்தது நூறு கிலோமீட்டர் தாண்டி, சில இடத்தில் இருநூற்றைம்பது தாண்டி.

சரி, எந்தெந்த இடத்துல போடலாம்? வரிசையா சொல்லுங்க.

அடிலெய்டிலிருந்து போர்ட் அகஸ்டா சுமார் 310 கிலோமீட்டர். அதுவரை ஊர்கள் உண்டு, கவலையே வேண்டாம். போர்ட் அகஸ்டாதான் உண்மையான தொடக்கம். அங்கிருந்து பிம்பா 173, பிம்பாவிலிருந்து கிளென்டாம்போ 113, கிளென்டாம்போவிலிருந்து கூபர் பீடி 254, அதற்கப்புறம் காட்னி பார்க் 152, மார்லா 82. மார்லாவிலிருந்து 180 போனால் மாநில எல்லை தாண்டி நார்தர்ன் டெரிட்டரியில் குல்கேரா, அங்கிருந்து 75ல் எர்ல்டண்டா. எர்ல்டண்டாவில் ரோடு பிரிகிறது. நேரே போனால் 200 கிலோமீட்டரில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், இடப்பக்கம் லாசிட்டர் நெடுஞ்சாலையில் திரும்பினால் 245ல் யுலாரா, அதாவது உலுரு பார்க்க வருகிறவர்கள் தங்குகிற ஊர். நடுவில் கர்ட்டின் ஸ்பிரிங்ஸில் பெட்ரோல் உண்டு, யுலாராவுக்கு 85 கிலோமீட்டர் முன்னால். ஆக மொத்தம் ஒரு வழிக்கு 1,600 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி டாஷ்போர்டில் வையுங்கள். போனில் இருக்கிறதே என்பீர்கள், ஆனால் பாதி வழிக்கு சிக்னல் கிடையாது.

ரொம்ப தூரமே 254 தானே? என் கார் 600 ஓடும். இதுக்கு எதுக்கு இவ்வளவு திட்டம்?

இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்: அடுத்த பங்க் வரை போகுமா என்று கணக்குப் போடாதீர்கள், அதற்கு அடுத்த பங்க் வரை போகுமா என்று போடுங்கள். ரோட்ஹவுஸ் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பமோ நாலைந்து ஊழியர்களோ நடத்துகிற இடம். ஜெனரேட்டர் போகலாம், டேங்கர் லாரி வர நாளாகலாம், கை மாறும்போது மாதக்கணக்கில் பூட்டியும் கிடக்கலாம். பூட்டிய பங்க்கைப் போய்ப் பார்த்தபின் திரும்பிப் போகவும் எண்ணெய் இல்லை, முன்னே போகவும் இல்லை என்ற நிலை வரக்கூடாது.

இப்போது மேலே சொன்ன வரிசையை இந்தக் கண்ணால் பாருங்கள். கிளென்டாம்போ மூடியிருந்தால் பிம்பாவிலிருந்து கூபர் பீடி 367 கிலோமீட்டர். காட்னி பார்க் இல்லையென்றால் கூபர் பீடியிலிருந்து மார்லா 234. குல்கேரா இல்லையென்றால் மார்லாவிலிருந்து எர்ல்டண்டா 255. கர்ட்டின் ஸ்பிரிங்ஸ் இல்லையென்றால் எர்ல்டண்டாவிலிருந்து யுலாரா 245. ஆக உங்கள் கார் நம்பிக்கையாக 370 ஓடினால் போதும், இந்த ரோட்டில் எந்த ஒரு ரோட்ஹவுஸ் மூடியிருந்தாலும் நீங்கள் தப்பித்துவிடுவீர்கள். 254 அல்ல, 370தான் உங்கள் எண். கிளம்புகிற காலையில் கிளென்டாம்போவுக்கும் காட்னி பார்க்குக்கும் ஒரு போன் போட்டுத் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டால் இன்னும் நிம்மதி.

ஃபுல் டேங்க் போட்டா மீட்டர்ல 700னு காட்டுது, அதை நம்பலாமா?

முழுசா நம்பாதீர்கள். அந்த எண் நீங்கள் கடைசியாக ஓட்டிய விதத்தை வைத்துக் கார் போடுகிற ஊகம். போன வாரம் மெதுவாக, ஒற்றை ஆளாக, ஏசி இல்லாமல் ஓட்டியிருந்தால் அது தாராளமாகக் காட்டும். நீங்கள் போகப்போவதோ ஐந்து பேர், கூரைமேல் பெட்டி, பின்னால் அரிசி குக்கர் வரை ஏற்றிய சாமான், 110 வேகம்.

கையால் ஒரு கணக்குப் போடலாம். டேங்க் 50 லிட்டர். அதில் 10 லிட்டரை இல்லவே இல்லை என்று ஒதுக்கிவிடுங்கள், மிச்சம் 40. கம்பெனி சொன்னது நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர், ஆனால் சாமான், கூரைப்பெட்டி, வேகம் எல்லாம் சேர்த்து 9 என்று எடுங்கள். 40ஐ 9ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 444 கிலோமீட்டர். 700 அல்ல, 444. முந்தைய பதிலில் சொன்ன 370 இதற்குள் அடங்குகிறது, ஆக இந்தக் காருக்குப் பிரச்சினை இல்லை. டேங்க் 35 லிட்டர்தான் என்றால் மிச்சம் 25, அதே கணக்கில் 278 கிலோமீட்டர். அந்தக் கார் 254ஐத் தாண்டிவிடும், கிளென்டாம்போ மூடியிருந்தால் மாட்டும். ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் கவனிக்க: நகரத்தில் நின்று நின்று போகும்போது கிடைக்கிற சிக்கனம் நேர் ரோட்டில் அந்த அளவுக்குக் கிடைக்காது, டேங்கும் சில மாடல்களில் சின்னது.

போர்ட் அகஸ்டா போய்ச் சேருவதற்குள் உங்கள் உண்மையான எண் தெரிந்துவிடும். அடிலெய்டில் ஃபுல் போட்டு ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள், போர்ட் அகஸ்டாவில் மறுபடி ஃபுல் போடும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பாருங்கள். முழுச் சாமானோடு ஓடிய 310 கிலோமீட்டர், இதைவிட நல்ல சோதனை கிடையாது.

நார்தர்ன் டெரிட்டரில 130 போலாமாமே! சீக்கிரம் போய்ட்டா பெட்ரோல் மிச்சம்தானே?

நேர் எதிர். தென் ஆஸ்திரேலியாவில் இந்த ரோட்டில் 110, எல்லை தாண்டியதும் 130 பலகை வரும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதனால் 110ல் இருப்பதைவிட 130ல் தடை சுமார் 40 சதவீதம் கூடுதல். கூரைப்பெட்டி வைத்த காரில் முள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

எதிர்க்காற்றும் இதே கதைதான், சொல்லப்போனால் இன்னும் மோசம். நீங்கள் 110ல் போகிறீர்கள், முகத்துக்கு நேரே 30 வேகத்தில் காற்று வருகிறது என்றால் காருக்கு அது 140ல் போகிற மாதிரி. மறைக்க மரமோ மலையோ கிடையாது, மணிக்கணக்கில் அடிக்கும். அந்த மாதிரி நாளில் 95க்கு இறங்கிவிடுங்கள். அவசரப்பட்டு எங்கே போகப்போகிறோம், மலை அங்கேயேதான் இருக்கும்.

அண்ணா, கான்ல பெற்றோல் கொண்டு போக வேணுமோ? இல்லாட்டி சும்மா பாரமோ?

மேலே போட்ட கணக்கில் 370 தாண்டினால் தேவையில்லை. தாண்டவில்லை என்றால் ஒரே ஒரு 10 லிட்டர் கேன், அது போதும். நூற்றுக்கு 9 லிட்டர் என்றால் 110 கிலோமீட்டர் கூடக் கிடைக்கும். பெட்ரோலுக்கென்று ஆஸ்திரேலியத் தர முத்திரையோடு விற்கிற சிவப்பு கேன் மட்டும்தான். தண்ணீர் கேனிலோ பழைய எண்ணெய் டின்னிலோ பிடிக்காதீர்கள், பங்க்கிலும் விடமாட்டார்கள்.

நிரப்பும்போது கேனைக் காருக்குள் வைத்தபடி நிரப்பக்கூடாது, தரையில் இறக்கி வைத்து நிரப்பவும், நிலைமின்சாரம் பொறி தட்டும். கழுத்து வரை நிரப்பாதீர்கள், வெயிலில் விரிய இடம் வேண்டும். அப்புறம் முக்கியமானது, அதைக் குழந்தைகள் உட்காரும் காருக்குள் வைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், ஹேட்ச்பேக் டிக்கியும் காருக்குள் சேர்த்திதான். கசிகிற ஆவி ஜன்னல் மூடிய காரில் தலைசுற்றலையும் கொடுக்கும், தீயையும் பிடிக்கும். வெளியே கட்ட வழியில்லாத கார் என்றால் கேன் யோசனையை விட்டுவிட்டு, பிம்பாவில் ஃபுல் போடுவதையும் போன் போட்டுக் கேட்பதையும் நம்புங்கள்.

எங்க கார் 95 தான் போடணும். அங்க 91 மட்டும்தான் இருக்குமாமே?

பெரிய ஊர்களில், அதாவது போர்ட் அகஸ்டா, கூபர் பீடி, ஆலிஸ் ஸ்பிரிங்ஸில், பிரீமியம், அதாவது ஆக்டேன் எண் 95ம் அதற்கு மேலும் உள்ள பெட்ரோல், கிடைக்கும். நடுவில் உள்ள ரோட்ஹவுஸ்களில் 91ம் டீசலும் மட்டும் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். எரிபொருள் மூடியின் உள்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பரிந்துரை 95 என்பதும் குறைந்தபட்சம் 95 என்பதும் வேறு. பரிந்துரை மட்டும் என்றால் ஒரு டேங்க் 91ல் ஓட்டலாம், கொஞ்சம் இழுவை குறையும். குறைந்தபட்சம் என்றே போட்டிருந்தால் பெரிய ஊர்களில் மட்டும் நிரப்புகிற மாதிரித் திட்டமிடுங்கள். தவிர்க்கவே முடியாமல் 91 போட்டால் ஃபுல் போடாமல் கொஞ்சமாகப் போட்டு, இருக்கிற 95 உடன் கலந்து, மெதுவாக ஓட்டி அடுத்த பிரீமியம் வரை போங்கள்.

இன்னொன்று. உள்நாட்டுப் பகுதியில் 91 என்று பிடிக்கும்போது பம்ப்பில் ஓப்பல் என்றோ நறுமணச் சேர்மம் குறைந்த பெட்ரோல் என்றோ எழுதியிருக்கும். பயப்பட வேண்டாம், கலப்படம் அல்ல. ஒதுக்குப்புறச் சமூகங்களில் இளைஞர்கள் பெட்ரோலை முகர்ந்து போதையேற்றி உயிரையும் மூளையையும் இழந்துகொண்டிருந்தார்கள். அதைத் தடுக்க 2005 வாக்கில் கொண்டுவந்த பெட்ரோல் இது. போதை தருகிற அந்தச் சேர்மங்கள் சாதாரணப் பெட்ரோலில் சுமார் 25 சதவீதம் இருக்கும், இதில் 5 சதவீதத்துக்குள். அதற்கென்று 2013ல் தனிச் சட்டமே வந்தது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் சாதாரண 91க்குப் பதில் இதைத்தான் விற்கிறார்கள். காருக்கு எந்தக் கெடுதலும் இல்லை.

டீசல் வண்டி. இதுல தனியா ஏதாவது பாக்கணுமா?

டீசல் எங்கும் கிடைக்கும். லாரிகள் ஓடுகிற ரோடு, பெட்ரோல் தீர்ந்த பங்க்கில்கூட டீசல் இருக்கும். பம்ப்பைப் பார்த்து நிறுத்துங்கள். ஹை ஃப்ளோ என்று எழுதிய பம்ப் லாரிகளுக்கானது, அதன் மூக்கு தடிமன், சில கார்களில் நுழையாது, நுழைந்தாலும் பொங்கி வழியும். மற்றபடி, புது டீசல் வண்டிகள் பலவற்றுக்கு ஆட்ப்ளூ என்ற, புகையைச் சுத்தப்படுத்துகிற திரவம் வேண்டும். அது தீர்ந்து நீங்கள் எஞ்சினை அணைத்துவிட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. ஒரு கேன் அடிலெய்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

டீசலைக் கடைசிச் சொட்டு வரை ஓட்டிப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். லைனில் காற்று புகுந்துவிட்டால் பிறகு டீசல் ஊற்றினாலும் எளிதில் கிளம்பாது. அதேபோல் அசதியில் டீசல் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள், ஸ்டார்ட் செய்யாதவரை டேங்க்கைக் காலிசெய்து பிழைத்துவிடலாம். பாதிப் பேர் இதைச் செய்வது நீண்ட நாளின் மாலையில்தான், அதனால் பிடிப்பவர் ஒருவர், பம்ப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று வாய்விட்டுப் படிப்பவர் இன்னொருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள்.

ராத்திரி ஓட்டினா ரோடு காலியா இருக்குமே, பங்க் திறந்திருக்குமா?

ரோடு காலியாக இருக்காது, கங்காருக்கள் இருக்கும். வேலி இல்லாத பண்ணைகள், மாடுகளும் ஏறி நிற்கும். பல ரோட்ஹவுஸ்கள் இரவு எட்டு மணிவாக்கில் பூட்டிவிடும், காலையில் திறக்கும்வரை பம்ப்பும் வேலை செய்யாது. கார்டு போட்டால் இரவிலும் ஓடுகிற பம்ப்புகள் சில இடங்களில் உண்டு என்றாலும் அதை நம்பித் திட்டமிடாதீர்கள். மாலை ஐந்து மணிக்குள் அன்றைய கடைசி பங்க்கில் நில்லுங்கள், ஃபுல் போடுங்கள், அங்கேயே படுங்கள். காலையில் போட்டுக்கொள்ளலாம் என்று படுத்தால், விடிந்து எழுந்து எட்டு மணிவரை பூட்டிய பம்ப் முன்னால் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

இதில் மணிக்கணக்குச் சிக்கல் ஒன்று உண்டு. ஜூலையில் தென் ஆஸ்திரேலியாவுக்கும் நார்தர்ன் டெரிட்டரிக்கும் ஒரே நேரம். ஆனால் அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை தென் ஆஸ்திரேலியா ஒரு மணி நேரம் முன்னே போய்விடும், டெரிட்டரி மாற்றாது. ஆக ஜனவரியில் திரும்பி வரும்போது குல்கேராவில் மாலை ஐந்துக்குக் கிளம்பினால், 180 கிலோமீட்டர் ஓட்டி மார்லா சேரும்போது உங்கள் கைக்கடிகாரத்தில் ஏழுதான், மார்லா கடிகாரத்தில் எட்டு. பூட்டுகிற நேரம் அவர்களுடைய கடிகாரப்படி.

அங்க விலை ரொம்ப ஜாஸ்தியாமே, எங்க போட்டா லாபம்?

ஜாஸ்திதான். டேங்கர் அத்தனை தூரம் வர வேண்டும், விற்பனை குறைவு, கரண்டுக்கே பல இடத்தில் டீசல் எரிக்கிறார்கள். தென் ஆஸ்திரேலியாவில் 2021லிருந்து பங்க்குகள் விலையை உடனுக்குடன் அறிவித்தாக வேண்டும், அதனால் எந்தப் பெட்ரோல் விலை ஆப்பிலும் பார்க்கலாம். டெரிட்டரி அரசுக்கு மைஃப்யூல் என்று தனித் தளம் இருக்கிறது. பொதுவாகப் போர்ட் அகஸ்டா, கூபர் பீடி, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் மலிவு, நடுவில் உள்ளவை ஏறும், யுலாரா பக்கம் இன்னும் ஏறும்.

ஆனால் லாபக் கணக்கை ஒரு எல்லையோடு நிறுத்துங்கள். லிட்டருக்கு 50 சென்ட் கூட என்றே வைப்போம், 30 லிட்டர் போட்டால் 15 டாலர். ஒரு குடும்பம் ரோட்ஹவுஸில் பொரித்த சிப்ஸ் தின்கிற காசு. அதை மிச்சம் பிடிக்கிறேன் என்று கிளென்டாம்போவில் போடாமல் போய் நடுவில் நின்றால் இழுவை வண்டிக்கு எவ்வளவு ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சில்லறைக்குப் பார்க்காமல் பிம்பா, கிளென்டாம்போ இரண்டிலும் கொஞ்சமாவது போடுங்கள். அந்த மனிதர்கள் கடையைத் திறந்து வைத்திருப்பதால்தான் நாம் இந்த ரோட்டில் போகவே முடிகிறது.

கிளென்டாம்போவில் நின்றால் ஊர்ப் பலகையைப் பார்க்காமல் வராதீர்கள். ஆடுகள் 22,500, ஈக்கள் சுமார் 20,00,000, மனிதர்கள் 30 என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பம்ப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இரண்டு நிமிடத்தில் ஈக்கள் விஷயத்தில் அவர்கள் பொய் சொல்லவில்லை என்று தெரியும். ஒரு கையில் பம்ப், இன்னொரு கை மூக்கையும் கண்ணையும் மாறி மாறி விரட்டிக்கொண்டே இருக்கும்.

கார்டு போதுமா, காசு வேணுமா?

கார்டு எங்கும் எடுப்பார்கள், ஆனால் இணைப்பு விழுந்துவிட்டால் எடுக்க முடியாது. ஒரு ஃபுல் டேங்க்குக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஆகிற ரொக்கம் தனியே வையுங்கள். சில இடங்களில் முதலில் உள்ளே போய்ப் பணம் கட்டினால்தான் பம்ப்பைத் திறந்துவிடுவார்கள், அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், எல்லாருக்கும் அதே முறைதான்.

உலுரு போயாச்சு, அங்க சுத்திப் பாக்கறதுக்கு எவ்வளவு வேணும்?

எல்லாரும் மறந்துபோகிற பகுதி இதுதான். யுலாராவில் பங்க் உண்டு, ஆனால் தேசியப் பூங்காவுக்குள் சுற்றுலாப் பயணிகளுக்குப் பெட்ரோல் கிடையாது. உலுரு யுலாராவிலிருந்து 20 கிலோமீட்டர், அதே பூங்காவில் உள்ள கட்டா ஜுட்டா பாறைக் குன்றுகள் 50. சூரிய உதயம் ஒரு தடவை, அஸ்தமனம் ஒரு தடவை, மலையைச் சுற்றி ஒரு தடவை, கட்டா ஜுட்டா போக வர 100. இரண்டு நாளில் 250 கிலோமீட்டர் ஓடிவிடும், ஓடினதே தெரியாது. மூன்றாம் நாள் காலை அரை டேங்க்கோடு திரும்பக் கிளம்புவார்கள். முந்தின இரவே போட்டுவிடுங்கள்.

கிங்ஸ் கேன்யனும் போகிறீர்கள் என்றால் யுலாராவிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர், எல்லாம் தார் ரோடு. வழியில் கர்ட்டின் ஸ்பிரிங்ஸிலும், கேன்யனுக்குச் சற்று முன்னால் கிங்ஸ் க்ரீக்கிலும் கிடைக்கும். அங்கிருந்து மெரீனி வழியாக ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குக் குறுக்கே போகலாமே என்று மேப் ஆசை காட்டும். அது மண் ரோடு, அனுமதிச் சீட்டு வேண்டும், சாதாரண வாடகைக் காருக்குக் காப்பீடு பேசாது.

வாடகைக் கார் எடுத்தா இந்தக் கணக்கெல்லாம் மாறுமா?

எண்ணெய்க் கணக்கு மாறாது, ஒப்பந்தம்தான் வேறு. பல நிறுவனங்கள் நகரத்துக்கு வெளியே இரவில் ஓட்டக்கூடாது என்கின்றன, மண் ரோட்டில் இறங்கினால் காப்பீடு இல்லை என்கின்றன, ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பும் வைக்கின்றன. கேனில் பெட்ரோல் கொண்டுபோகலாமா என்றும் கேளுங்கள். வண்டியை எடுத்ததும் டேங்க் எத்தனை லிட்டர், எந்த எரிபொருள் என்று மூடியைத் திறந்து பாருங்கள். நாலாவது பதிலில் சொன்ன சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள், பழக்கமில்லாத வண்டிக்கு அது இன்னும் அவசியம்.

மின்சாரக் கார்ல போனா முடியுமா?

முடியும், போகிறார்கள். கூபர் பீடி, மார்லா, எர்ல்டண்டா மாதிரி இடங்களில் சார்ஜர்கள் வந்துவிட்டன. ஆனால் ஒரு இடத்தில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், உங்களுக்கு முன்னால் ஒருவர் நின்றால் முக்கால் மணி நேரம் போச்சு. எதிர்க்காற்று பற்றிச் சொன்னது பெட்ரோல் காரைவிட இங்கே பல மடங்கு பொருந்தும். சார்ஜர் வேலை செய்கிறதா என்று ப்ளக்‌ஷேர் ஆப்பில் கடைசியாகப் போட்டவர் என்ன எழுதியிருக்கிறார் என்று அன்று காலையிலேயே பாருங்கள். பழுதானால் பூட்டிய பங்க் கதைதான், ஆனால் ரோட்ஹவுஸில் சாதாரண பவர் பாயின்ட் கேட்டு இரவெல்லாம் போட்டு எழுப்பிவிடலாம், அந்த வசதி பெட்ரோலுக்கு இல்லை. 254 கிலோமீட்டர் இடைவெளியை 110ல் தாண்ட முடியாத பழைய சின்ன பேட்டரி என்றால் இந்த முறை வேண்டாம்.

பாலைவனத்துல மழைக்கும் பெட்ரோலுக்கும் என்ன சம்பந்தம்?

2022 ஜனவரியில் பெய்த மழையில் கூபர் பீடிக்குத் தெற்கே இந்த நெடுஞ்சாலையே தண்ணீருக்குள் போய்விட்டது. ரயில் தண்டவாளமும் பல இடங்களில் அரித்துக்கொண்டு போனது. விமானப்படை விமானத்தில் கூபர் பீடிக்குச் சாப்பாட்டுச் சாமான் இறக்கினார்கள். ரோடு மூடினால் டேங்கரும் வராது, ரோட்ஹவுஸில் இருப்பதுதான் எல்லாருக்கும். அடிக்கடி நடப்பது அல்ல, ஆனால் கோடையில் போகிறவர்கள் கிளம்புமுன் ரோடு நிலவரம் பார்க்க வேண்டும், மூடிய பலகையைத் தாண்டி ஓட்டினால் அபராதமும் உண்டு. மழை வருகிறது என்று தெரிந்தால் கையில் இருக்கும் பங்க்கில் உடனே ஃபுல் போடுங்கள், அரை டேங்க் இருந்தாலும்.

மெயின் ரோடு போர். ஊட்னடாட்டா டிராக்ல போலாம்னு பசங்க சொல்றாங்க, பெட்ரோல் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் அது வேறு ஆட்டம். மாரியிலிருந்து மார்லா வரை 600 கிலோமீட்டருக்கு மேல் மண் ரோடு, நடுவில் வில்லியம் க்ரீக், ஊட்னடாட்டா இரண்டே இடம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் சுமார் 200. அடுத்ததற்கு அடுத்தது என்ற விதிப்படி 410 வேண்டும், மண்ணில் எண்ணெய் கூடக் குடிக்கும் என்பதால் உங்கள் தார் ரோட்டு எண்ணில் 20, 25 சதவீதம் கழித்துப் பாருங்கள். நாலாவது பதிலில் வந்த 444 இங்கே 350 ஆகிவிடும், ஆக கேன் வேண்டும், நல்ல டயரும் இரண்டு ஸ்டெப்னியும் வேண்டும். முதல் பயணத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. ஆசை தீரவில்லை என்றால் கூபர் பீடி சுற்றுவட்டாரத்தில் ஒரு பகல் மண் ரோடு ஓட்டிப் பாருங்கள்.

எல்லாம் பாத்தும் நடுவுல மஞ்ச விளக்கு எரிஞ்சுட்டா?

முதலில் வேகத்தை 80க்குக் குறையுங்கள். 110ல் இருக்கும் காற்றுத் தடையில் கிட்டத்தட்டப் பாதிதான் 80ல், அதனால் மிச்சம் இருக்கிற எண்ணெய் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இழுக்கும். ஜன்னலைத் திறக்காதீர்கள், ஏசியைக் குறையுங்கள். பின்னால் ரோட் ட்ரெய்ன், அதாவது பல ட்ரெய்லர்களை இழுக்கிற லாரி, வந்தால், 53 மீட்டர் வரை நீளம் இருக்கும், ஓரமாக வழிவிடுங்கள். தாளில் எழுதிய தூரத்தைப் பாருங்கள். கடந்து வந்த பங்க் பக்கம் என்றால் திரும்புங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

போகாது என்று தெரிந்துவிட்டால் வண்டி தானாக நிற்கும்வரை காத்திருக்காமல், ஓய்விடமோ அகலமான ஓரமோ வந்ததும் நீங்களே ரோட்டை விட்டு நன்றாக இறங்கி நிறுத்துங்கள். பானெட்டைத் தூக்கி வையுங்கள். லாரிக்காரர்களிடம் பெட்ரோல் இருக்காது, அவர்கள் ஓட்டுவது டீசல், ஆனால் யூஎச்எஃப் ரேடியோவில் 40வது சேனலில் பேசிக்கொள்வார்கள், அடுத்த ரோட்ஹவுஸுக்குச் செய்தி போய்விடும். கேரவன் இழுத்து வருகிற முதியவர்களைக் கை காட்டி நிறுத்துங்கள், பாதிப் பேரிடம் ஒரு கேன் இருக்கும். சிக்னல் இல்லாவிட்டாலும் ஐபோன் 14லும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பலாம், ஆஸ்திரேலியாவில் 2023 மே மாதத்திலிருந்து வேலை செய்கிறது. உயிர் ஆபத்து என்றால் மட்டும் அதைத் தொடுங்கள்.

பெட்ரோல் வாங்கிவருகிறேன் என்று யாரும் நடக்கக் கிளம்பக்கூடாது, ஒருவர்கூட. காரைவிட்டு விலகினால் தேடுகிறவர்களுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள், கார் தெரியும். ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் வண்டியில் இருந்தால் நிழலில் உட்கார்ந்து காத்திருக்கலாம். இந்த ரோட்டில் பகலில் அரை மணிக்குள் ஏதாவது ஒரு வண்டி வரும். ஆர்ஏஏ என்ற தென் ஆஸ்திரேலிய வாகன ஓட்டிகள் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் கிளம்புமுன் எந்தத் திட்டம் என்று பாருங்கள், கீழ்த்திட்டத்தில் இலவசமாக இழுத்துவரும் தூரம் குறைவு, இந்தப் பயணத்துக்கு ஒரு படி மேலே மாற்றிக்கொள்வது நல்லது.